பதினான்காவது பொருள்

எங்கள் மருத்துவமனையின் அறங்காவலர் குழுவில், கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கூட்டக் குறிப்பு தயாராகிவிடும். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. செயலாளர் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். வியாழக்கிழமை மாலையே உட்கார்ந்து, மறுநாள் நாங்கள் பேசப்போவதை முழுதாகத் தட்டச்சு செய்து வைத்துவிடுவார். நிகழ்ச்சி நிரலில் எந்தப் பொருளுக்குக் கீழேயும் இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும்: விரிவாக விவாதிக்கப்பட்டது, ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, பதிவு செய்துகொள்ளப்பட்டது. நாங்கள் போய் அதன்படி பேசிவிட்டு வந்தால் போதும். நேரமில்லாமல் பேசாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, பேசியதாக எழுதியாகிவிட்டதே.

நான் அந்தக் குழுவுக்குள் வந்தது என் திறமையால் அல்ல. மயிலாப்பூரில் அந்த மருத்துவமனைக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். அவருக்குப் பின் அந்த நாற்காலி என் கணவருக்கு வந்தது. தி. நகரில் எங்கள் ஜவுளிக்கடையை விட்டு அவரால் நகர முடியாது. "மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான். ஒன்றரை மணி நேரம். நீ போயிட்டு வா, டிபன் நல்லா இருக்கும்" என்று என்னை அனுப்பிவைத்தார். டிபன் நன்றாகத்தான் இருந்தது. பொங்கலில் முந்திரிக்குக் குறைவே இருக்காது.

கூட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கையெழுத்து முடிந்தாக வேண்டும். முதலில் கடவுள் வாழ்த்து, பிறகு யாருக்காவது பொன்னாடை, பிறகு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் என்ற விவாதம். அது ஒன்றே அரை மணியைத் தின்றுவிடும். அப்புறம் கட்டடம், கருவிகள், நியமனங்கள். கடைசியில், பதினான்காவதாக, ‘தரமும் நோயாளர் பாதுகாப்பும்’. யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்குப் புண் ஆறவில்லை, யார் இறந்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். அதை ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள் என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். "எடுத்த எடுப்புலயே சாவைப் பத்திப் பேசறது நன்னாவா இருக்கும்?" என்றார் தலைவர். அவர் மாடவீதிப் பக்கத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்காரர், நல்ல மனிதர். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் கடையிலும் போணி ஆவதற்கு முன்னால், முதல் வியாபாரம் முடிவதற்கு முன்னால், திருப்பிக் கொண்டுவரும் துணியை வாங்க மாட்டோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். சகுனம் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

செவிலியர் கண்காணிப்பாளர் அந்தப் பதினான்காவது பொருளுக்காகக் கூட்ட அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு நீல ஃபைல். பத்து இருபதுக்குச் செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். "பதினாலு... அறிக்கை இருக்கு, பதிவு பண்ணிக்கலாமா?" என்பார். எல்லோரும் தலையசைப்போம். ஏடு சுற்றி வரும், கையெழுத்துப் போடுவோம். வெளியே வரும்போது அந்த அம்மா எழுந்து நிற்பார். "சிஸ்டர், டிபன் சாப்பிட்டுப் போங்க" என்று நான்கூட ஒருமுறை உபசரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

இப்படி மூன்று கூட்டம் போயிற்று.

எங்கள் வீடு அடையாறில். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குத்தான் போவேன். அங்கே ஒரு மீன்கார அம்மாவிடம் பன்னிரண்டு வருடப் பழக்கம். என் வயதுதான் இருக்கும். சங்கரா நல்லதாக இல்லையென்றால், "இன்னிக்கு வாணாம், நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுகிற ரகம். சர்க்கரையில் அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். இடம் கிடைக்காமல் அலைந்தபோது நான்தான் எங்கள் மருத்துவமனையில் ஒரு வார்த்தை சொல்லிச் சேர்த்துவிட்டேன். யாரையோ தெரிந்து வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அறங்காவலர் என்று சொல்லவில்லை. மீன் வாங்கும் இடத்தில் அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவரே வந்திருந்தார். முகம் சுண்டிப்போய், வெயிலில் போர்வை சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பாக்கற? மிசின்ல போட்டு அரை அவரு ஆவல, குளிரு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பல்லு கிட்டிப்பூடுச்சு. அப்பால ஜொரம். எனக்கு மட்டும் இல்ல. கடைசீல நாலு பெட்டு போட்டுக்கீறாங்க பாரு புதுசா, அங்க படுக்கறவங்களுக்கெல்லாம் இப்டித்தான். முன்னாடி பெட்டுக்காரங்க நல்லாத்தான் கீறாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிக்கினுதான் கீறோம். ஊசி போட்டு அனுப்பறாங்க. எனக்குப் பக்கத்துப் பெட்டு, கொட்டிவாக்கத்துப் பெரியவரு, பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, அவரு போன வாரம் பூட்டாரு. ரத்தத்துல கிருமின்னாங்க. போவாமயும் இருக்க முடியாது, போனாலும் பயமாக் கீது. நீ சொல்லு, நான் இன்னா பண்றது?"

நான் மீன் வாங்கவில்லை. வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. போகாவிட்டால் ஒரு வாரத்தில் செத்துப்போவார். போனால் அந்தப் படுக்கை. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு படுக்கைகளின் திறப்பு விழாவில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரிப்பன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை செவிலியர் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனேன். நீல ஃபைலைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்பது மாதத்துக்கு மேலான கணக்கு. எந்தத் தேதி, எந்தப் படுக்கை, எத்தனை மணிக்குக் குளிர் வந்தது, எப்போது நின்றது என்று பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப் போலச் சுத்தமாக எழுதியிருந்தார். ஏறக்குறைய எல்லாமே கடைசி நான்கு படுக்கைகள். டயாலிசிஸுக்கு விசேஷமாகச் சுத்தம் செய்த தண்ணீர் வேண்டும். புதுப் படுக்கைகளுக்கு அந்தத் தண்ணீர்க் குழாயை நீட்டியதிலிருந்துதான் இது வருகிறது என்பது அவருடைய சந்தேகம். தண்ணீரைச் சோதித்த காகிதங்களும் இருந்தன. அவையும் அதையே சொல்லின.

"மருந்து விட்டுக் கழுவுவோம் மேடம். மூணு வாரம் சும்மா இருக்கும். அப்புறம் மறுபடி வரும். குழாயையே எடுத்துட்டு வேற போடணும். அதுக்கு அந்த நாலு பெட்டையும் மூடணும். திறப்பு விழா பண்ணின இடத்தை போர்டு சொல்லாம மூட முடியாதுன்னுட்டாங்க."

"ஏன் சிஸ்டர் யாரும் எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து எங்கள் கூட்டக் குறிப்புகளின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்று கூட்டம், மூன்று பக்கம். பதினான்காவது பொருளுக்குக் கீழே: அறிக்கை விரிவாக விவாதிக்கப்பட்டது, பதிவு செய்துகொள்ளப்பட்டது. அதன் கீழே ஏழு கையெழுத்து. நான்காவது என்னுடையது.

"நீங்கள்லாம் படிச்சுப் பார்த்துட்டு, இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன் மேடம். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் நானும் வற்புறுத்தலை. பெரியவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு இருந்துட்டேன்."

படிக்காமல் கையெழுத்துப் போடுவது சோம்பேறித்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு பதில் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது மாதமாக ஒரு பெண் எழுதி எழுதிக் கேட்ட கேள்விக்கு நாங்கள் மூன்று முறை ‘வேண்டாம்’ என்று பதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் பொங்கல் ஆறுவதற்குள்.

மீன்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னா சொல்லுங்க மேடம், நாளைக்கே முன் பெட்டுக்கு மாத்திடறேன்" என்றார். ஒரு நொடி ‘சரி’ என்று சொல்லவே வாயெடுத்தேன். அப்புறம் கேட்டேன், "அந்த பெட்டுல யார் படுப்பாங்க?" வரிசையில் யாராவது ஒருவர் வந்து படுப்பார். அவருக்கு மீன் வாங்குகிற அறங்காவலர் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அந்த நாலையும் இன்னிக்கே மூடிடுங்க. நான் சொல்றேன்."

"நீங்க தனியா சொல்ல முடியாது மேடம். போர்டு சொல்லணும்."

அது உண்மை. குழுவாகக் கூடினால்தான் எங்களுக்கு அதிகாரம். தனியாக நான் ஒரு பார்வையாளர், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமையே கூட்டம் இருந்தது. அதுவரைக்கும் குழாயைத் தினமும் கழுவுவது, யாருக்குக் குளிர் வந்தாலும் அந்த நிமிடமே மிஷினை நிறுத்துவது என்று தலைமை மருத்துவரும் அவரும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான் தலைவருக்குப் போன் செய்து, பதினான்காவது பொருளை முதலில் எடுக்க வேண்டும் என்றேன். "பாக்கலாம்மா" என்றார். அவர் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தத் தடவை எழுந்து வெளியே போகச் சொன்னாலும் போகப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை கடவுள் வாழ்த்து முடிந்தது. பொன்னாடையோடு செயலாளர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"சார், அதுக்கு முன்னாடி பதினாலை எடுக்கணும். கண்காணிப்பாளர் வெளியே உட்கார்ந்திருக்காங்க. உள்ளே கூப்பிடணும்."

"மேடம், அஜெண்டாப்படி போவோம். அதுக்கு நேரம் வரும்" என்றார் செயலாளர்.

"மூணு கூட்டமா வரலை. குறிப்புல மட்டும் வந்திருக்கு. இன்னிக்குக் குறிப்பும் ரெடியா இருக்கு இல்ல? அதுல பதினாலாவதுக்கு என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிங்க."

அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். குழுவில் இருந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருமினார். தலைவர் நிதானமாகச் சிரித்தார். அவருக்கு யாரையும் நோகடிக்கப் பிடிக்காது. அதுதான் எங்கள் குழுவின் வியாதியே.

"ஏம்மா, நீங்க கடை வெச்சிருக்கேள். காலங்கார்த்தால கடையைத் தொறந்த ஒடனே கிழிஞ்ச துணியத் திருப்பிண்டு ஒருத்தர் வந்தா வாங்கிப்பேளா? போணி ஆகட்டும்னுதானே சொல்வேள்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கையை எடுத்தே என் கண்ணில் குத்துகிறாரே என்று இருந்தது.

"வாங்க மாட்டோம் சார். உட்காருங்கன்னு சொல்லித் தண்ணி கொடுப்போம். ஆனா போணி ஆன அடுத்த நிமிஷம் அவங்களைத்தான் முதல்ல கவனிப்போம். கடை பூட்டற நேரம் வரைக்கும் வாசல்ல உட்கார வெச்சு, பூட்டிட்டு, ‘குறையைக் கேட்டோம்’னு எழுதிக்க மாட்டோம். இங்க சாமி பாட்டுப் பாடியாச்சு. போணி ஆயிடுச்சு. இப்ப அவங்களைக் கூப்பிடுங்க. கூப்பிடாம இந்த ஏட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் போடலைங்கறதையும் எழுதித் தருவேன்."

உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தலைவர் கையை அசைத்தார். கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். அவருக்கு நாற்காலி இல்லை. பொன்னாடையை வைத்திருந்த நாற்காலியைக் காலி செய்து கொடுத்தேன்.

அவர் படித்தார். படுக்கை எண், தேதி, நேரம். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். முதல் பக்கத்திலேயே சிரிப்பு போய்விட்டது. கொட்டிவாக்கத்துப் பெரியவரிடம் வந்ததும், அந்தத் தண்ணீரால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் கண்காணிப்பாளரோடு உள்ளே வந்திருந்த தலைமை மருத்துவர்.

அப்போதுதான் நான் எதிர்பாராதது நடந்தது. தலைவர் முன்னால் குனிந்து, "அந்தக் கொழாய் கடைசி பெட்டுக்கு அப்பறம் எங்க போறது?" என்று கேட்டார்.

"அங்கேயே முடிஞ்சிடுது சார்."

"திரும்பி டேங்குக்கு வரலையா? மூடிட்டாளா? அப்போ தண்ணி அங்கேயே நின்னுண்டிருக்கா?"

அவர் வாழ்நாள் முழுக்கக் குடிநீர்க் குழாய் வேலையில் இருந்த இன்ஜினியர். எங்களுக்கெல்லாம் அது தெரியும். அவருக்கு வயது எண்பதானபோது அதற்காகவே பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அவர் காகிதத்தில் ஒரு கோடு போட்டு, அதன் நுனியைப் பேனாவால் இரண்டு முறை குத்தினார். நீட்டிய குழாய் சுற்றித் திரும்பாமல் முட்டி நின்றால் அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கினால் கிருமி வளரும், எவ்வளவு கழுவினாலும் போகாது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

"இதை எங்கிட்ட மொதல் கூட்டத்துலயே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்றார். யாரும் அவரைக் கேட்காமல் இருக்கவில்லை. கேட்க வந்தவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அது அவருக்கும் தெரியும்.

நான்கு படுக்கைகளையும் அன்றைக்கே மூடுவது என்று முடிவாயிற்று. முன் படுக்கைகளில் இன்னொரு வேளை கூட்டி ஓட்டுவது, குழாயைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது, இனி எந்தக் கூட்டத்திலும் கண்காணிப்பாளரின் அறிக்கையே முதல் பொருள், அவருக்கு மேசையோரம் ஒரு நாற்காலி. தட்டச்சு செய்த குறிப்பைச் செயலாளர் அவராகவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் கையால் எழுத ஆரம்பித்தார். முடியும்போது மணி பதினொன்றேகால். ராகு காலத்தின் நட்டநடுவில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இறந்தவரின் வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டதற்கு மட்டும் முடிவு எடுக்கவில்லை. குழுவில் இருந்த வக்கீல், "நாமளா போய் வாயைக் கொடுக்க வேண்டாம் மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். நேரம் மாறும், படுக்கை மாறும், இனிப் பயமில்லை என்று மீன்கார அம்மாவிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் யார் என்றும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தினி நாளா நீ அங்க மேலதான் குந்திக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நாங்க கீய குளுருல ஆடிக்கினு இருந்தோம்."

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரோ, "என்கிட்ட சொல்லிட்ட. நான் உயிரோட கீறேன். அவரு பொண்டாட்டி கொட்டிவாக்கத்துலதான் கீது. அதுகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.

அன்று மதியம் தலைவருக்குப் போன் செய்தேன். கேட்கவில்லை, தகவலாகச் சொன்னேன், நாளைக் காலை கொட்டிவாக்கம் போகிறேன் என்று. வக்கீல் சொன்னதை ஞாபகப்படுத்துவார் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் ஞாபகப்படுத்தவில்லை. "எத்தனை மணிக்கு? நானும் வரேன். வாசல் போர்டுல மொதல் பேரு என் பேருதானே" என்றார்.

மாடிப்படியின் கீழே சின்ன வீடு. அந்த அம்மா எங்களை உட்கார வைத்து மின்விசிறியைப் போட்டார். சுவரில் காக்கிச் சட்டையோடு பெரியவரின் படம், அதில் புது மாலை. தலைவர்தான் பேசினார். குழாய், தண்ணீர், குளிர், காய்ச்சல் எல்லாவற்றையும் ஒளிக்காமல், அந்த அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். அதனால்தான் இறந்தார் என்று நிச்சயமாகத் தெரியாது என்பதையும் சொன்னார். எந்தக் காகிதம் வேண்டுமானாலும் தருகிறோம், எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள் என்றார். அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"மூணு கூட்டத்துக்கு அந்த ஃபைல் எங்க வாசல் வரைக்கும் வந்துச்சும்மா" என்றேன். "மூணு தடவையும் உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தார். நாங்க வாங்கிப் பார்க்கலை."